ஒரு நிமிடம் நாற்பத்தேழாவது நொடியில்

எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கும் சித்திரைக்கனி அக்கா, உலகத்தில் கையில் காசில்லாத பிள்ளைகள் எடுக்கிற பாட்டு வீடியோ ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு நிமிடம் நாற்பத்தேழாவது நொடியில் பின்னால் நடந்துபோகிறாள் என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் நான்தான், அந்தக் கண்டுபிடிப்புக்கு எனக்குக் கிடைத்தது பத்துக்கு ஆறு மார்க். நான்கு மார்க் போனது, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக் காப்பியடித்துவிட்டேன் என்று சார் நினைத்ததால்.

நாங்கள் தூத்துக்குடியில் விஸ்காம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். கடைசி செமஸ்டரில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து நான்கு நிமிடப் பாட்டு வீடியோ ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் இருபது இண்டி வீடியோக்களை, அதாவது கம்பெனி இல்லாமல் ஹீரோ இல்லாமல் பிள்ளைகள் தாங்களே பாடித் தாங்களே எடுத்து இணையத்தில் போடுகிற பாட்டுகளை, ஷாட் ஷாட்டாகப் பிரித்து அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இசக்கியம்மாள் கேமராவைப் பிடித்துக்கொண்டாள், அவள் கையிலிருந்து அதை வாங்க எங்கள் துறைத் தலைவராலேயே முடியாது. ரொவினாவுக்குக் குரல் இருந்தது, சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டும் இருந்தது, தன் முகம் தன் பாட்டில் வர வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து வைத்திருந்த ஆசையும் இருந்தது. பெலிசியாவாகிய எனக்குக் கேமராவும் குரலும் இல்லாததால் அட்டவணை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அட்டவணையில் வழக்கமாக ஷாட் எண், நேரம், ஷாட்டின் அளவு, வெளிச்சம் என்று நான்கு கட்டம்தான் இருக்கும், எங்கள் ஆஸ்வால்ட் சார் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னார், அதற்குப் பெயர் பாஸிங். சார் சென்னையில் மூன்று வருடம் உதவி இயக்குநராக இருந்தவர், அந்த மூன்று வருடமும் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை, ஹீரோ டீக்கடையில் நின்று பேசும்போது பின்னால் இடதுபக்கமிருந்து இரண்டு பேரையும் வலதுபக்கமிருந்து ஒரு சைக்கிளையும் நடமாட விடுவது. அதைத்தான் சினிமாவில் பாஸிங் என்பார்கள். பெரிய படத்தில் ரோட்டை அடைத்துவிட்டு ஆள்வைத்து நடக்கவிடுவார்கள், இண்டி வீடியோவில் ரோட்டை அடைக்க ஏது வழி, வருகிறவர் வருவார் போகிறவர் போவார், ஆகவே ஒரு ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பாடுகிறவனைப் பார்க்காதே, பின்னால் போகிறவர்களைப் பார் என்று சார் சொல்லும்போது அவர் குரலில் ஒரு ஈரம் வரும். நல்ல பாஸிங்குக்கு மூன்று விதி உண்டு என்பார். கேமராவைப் பார்க்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, நிற்கவே கூடாது.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கோஹிமா பிள்ளைகள் ஒரு மலை பஸ் ஸ்டாண்டில் எடுத்திருந்த பாட்டில் ஒரு நிமிடம் நாற்பத்தேழில் மெரூன் சேலை கட்டிய ஒரு பெண் தூக்குவாளியுடன் இடமிருந்து வலமாகப் போனாள், எழுதிக்கொண்டேன். மெக்சிகோவில் துணி துவைக்கிற கடை வாசலில் எடுத்த பாட்டில் ஒரு நிமிடம் நாற்பத்தேழில் மெரூன் சேலை, தூக்குவாளி, இடமிருந்து வலம். சியோலில் ஒரு சந்துக்குள் எடுத்ததிலும் அப்படியே, நார்வேயில் பனி கொட்டிக் கிடந்த ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்ததிலும் அப்படியே. ஐந்தாவது வீடியோவில் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்து, தூக்கக் கலக்கத்தில் முந்தைய வரியைத்தான் திரும்ப எழுதுகிறேன் போலிருக்கிறது என்று பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன், அப்போதுதான் அந்தப் பெண் வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு முட்டியை ஒருதரம் தடவிவிட்டுப் போனாள். அந்தத் தடவல் எனக்குத் தெரியும். தினமும் காலையில் எங்கள் வீட்டு கேட்டைத் திறக்குமுன் அவள் செய்கிற காரியம் அது.

“ஏளா இசக்கி, நம்ம மாவுக்காரக்கா.”

இசக்கி கிட்டே வந்து பார்த்தாள், பின்னால் ஓட்டிப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். “அக்காதான். வாளி மூடி கூட நம்ம ராஜம்மா கடையில வாங்குனது,” என்றாள். அதற்குமேல் அவள் கவலை வேறாக இருந்தது. “எல்லாத்துலயும் ஏன் ஒரே நேரத்துல வாறா?”

அதற்கு விடை சாரிடம் இருந்தது, தான் போட்ட ஆறு மார்க்கைத் திருத்த மனமில்லாமலேயே சொன்னார். மூன்றரை நிமிடப் பாட்டில் முதல் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்குகிற அந்த இடத்தில்தான் எந்த ஊர் எடிட்டருக்கும் நல்ல ஷாட் தீர்ந்துபோகும், கையில் மிச்சமிருக்கிற அகலமான தெரு ஷாட் ஒன்றை எடுத்துப் போட்டு ஒப்பேற்றுவான், தெருவைக் காட்டினால் தெருவில் போகிறவள் வரத்தானே செய்வாள் என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா வந்தபோது கேட்டேன். கனி அக்கா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றி நின்றபடியே பதில் சொன்னாள். அவள் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விடியக்காலம் கிரைண்டரை ஓட விட்டால் அதன் பக்கத்தில் நிற்பாள், ஏழு மணிக்கு வாளியைத் தூக்கினால் முப்பத்துநான்கு வீடு, பதினொன்றரைக்குத் திரும்பினால் மறுநாளைக்கு அரிசி களைய நிற்பாள்.

“ஆமா மக்கா. பத்தேகாலுக்கு அந்த ஐஸ் கம்பெனி முக்குல திரும்புனா, ஒரு பதினோரு எட்டு நடக்குற வரைக்கும் வேற ஊரு. பொறவு கிரேஸ் டீச்சர் வீட்டு வாசல் வந்துரும்.”

“யார்ட்டயும் சொல்லலயாக்கா?”

“என்னத்தச் சொல்ல. எல்லாருக்கும் அப்படி ஒரு முக்கு இருக்கும்னுல்ல நெனச்சேன்.”

சேதி அன்று மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் பரவி, சாயங்காலம் டீக்கடை டிவியில் செல்போனை இணைத்து எல்லா வீடியோவையும் ஓட்டிப் பார்த்து, இரண்டு நாளில் பழசாகிவிட்டது. நம்பாதவர் என்று யாரும் இல்லை. நார்வேயிலிருந்து அவள் செருப்பில் ஒட்டி வந்த பனியை கிரேஸ் டீச்சர் தன் வாசலில் பல தடவை பார்த்திருக்கிறார், ஏதோ ஐஸ் கம்பெனியில் மிதித்துவிட்டு வருகிறாள் என்று விட்டுவிட்டாராம், இப்போது விவரம் தெரிந்ததும் பனிமய மாதா கோயில் இருக்கிற ஊருக்குப் பனி வராமல் வேறு எந்த ஊருக்கு வரும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஐஸ் கம்பெனி மேனேஜருக்கு மட்டும் வருத்தம், வெளிநாட்டுப் பனி தரம் போதாது, வாசல் தாண்டுமுன் உருகிவிடுகிறது என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கே பிள்ளைகள் முக்கில் கூடி, அக்கா திரும்பி மறைந்ததும் ஒன்று, இரண்டு என்று சத்தம்போட்டு எண்ண ஆரம்பித்து, பதினொன்றில் அவள் டீச்சர் வாசலில் தெரியும்போது கைதட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் உதை வாங்கினார்கள். நாளைக்கு எந்த ஊர் என்று டீக்கடையில் தினமும் சண்டை நடந்தது, அவள் கூந்தலில் இருந்த தூசியையும் சேலையின் ஈரத்தையும் வைத்து ஊரைச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரர்கள் நாலைந்து பேர் உருவானார்கள்.

முதலில் அக்காவிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தது எங்கள் தெரு மெர்லின் அத்தை. அத்தையின் மகன் டென்சில் கப்பலில் வேலை பார்த்தான், அந்தக் கப்பல் பழுதாகி வீடியோவில் வந்த அதே நார்வே துறைமுகத்தில் மூன்று மாதமாகக் கிடந்தது, பையன் ரொட்டியைத் தின்று நாக்குச் செத்துப்போய்க் கிடந்தான். அத்தை ஒரு மஞ்சள் பையில் நெத்திலிக் கருவாட்டைக் கட்டி, அந்தப் பனியூருக்குப் போகிற அன்றைக்கு வைத்துவிட்டு வா என்று கனி அக்காவின் வாளிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். நாங்கள் அந்த வீடியோவைத் திறந்து பார்த்தோம். நேற்றுவரை வெறுமனே போனவள், இன்று ஒரு நிமிடம் நாற்பத்தொன்பதில் நடை நிற்காமலே கையை நீட்டி, கப்பல் கயிறு கட்டுகிற கல்லின் மேல் மஞ்சள் பையை வைத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் நாள் டென்சில் போன் பண்ணினான். கருவாடு கிடைத்தது, உப்புதான் கொஞ்சம் கம்மி என்றான். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை வாயில் வரலாமா இந்தப் பேச்சு என்று அத்தை இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை, மூன்றாம் நாள் இன்னும் பெரிய பையோடு வந்தாள்.

அதன்பிறகு தெருவில் எல்லோருக்கும் எங்காவது யாராவது இருந்தார்கள். ஒருவர் மருமகளுக்கு இட்லிப் பொடி கொடுத்தார், ஒருவர் பழைய சிநேகிதனுக்குக் கடிதம் கொடுத்தார், யாரும் இல்லாத தையல்கார பாக்கியம்கூட, யார் எடுத்தாலும் சரி என்று பத்து மக்ரூன் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வெளியூர் போகிறவள் இப்படியா போவது என்று நாலு பேர் நல்ல சேலை கொடுத்தார்கள், மாவு பட்டால் போகாது என்று அக்கா அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு மெரூனிலேயே போனாள். வாளி கனத்துக்கொண்டே வந்தது. முட்டியைத் தடவுவது ஒரு தடவை என்றிருந்தது மூன்று தடவையானது. எல்லோரும் அவளிடம் கொண்டுபோக ஒன்று கொடுத்தார்கள், இருந்துவிட்டுப் போ என்று ஒரு நாற்காலியை யாரும் இழுத்துப் போடவில்லை. மற்றவர்களைச் சொல்வானேன், தினமும் கேட்டருகில் நிற்க வைத்துக் கதை கேட்டவள் நான்.

இதற்கிடையில் எங்கள் வீடியோவுக்கு நாள் நெருங்கியது. ரொவினாவின் பாட்டு மத்தியான வெயிலைப் பற்றியது. “வேல முடிஞ்சா வெயில் எறங்கும், வெயில் எறங்குனா வேல வரும்” என்று அலுப்பும் சிரிப்புமாகப் போகும், கேட்டால் உடம்பு தானாக ஒரு சுவரைத் தேடும். முதலில் போட்ட திட்டத்தில், ஐஸ் கம்பெனி சுவரோரம் ஒரு சிவப்பு நாற்காலியில் ரொவினா உட்கார்ந்து பாடுவாள், அவ்வளவுதான். இப்போது இசக்கி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நாற்பத்திரண்டு கட்டம் வரைந்தாள், ரொவினாவின் நாற்காலி நடுவில் இருக்க, நாற்பத்திரண்டிலும் கனி அக்கா நடந்தாள். பக்கவாட்டில் நடந்தாள், மேலிருந்து நடந்தாள், வாளி மட்டும் நடந்தது, செருப்பு மட்டும் நடந்தது. உலகமே நமக்குத் தெரியாமல் நம் அக்காவைக் காட்டியிருக்கிறது, நாம் காட்டுகிற காட்டில் மற்ற எல்லாரும் வாயைப் பொத்த வேண்டும் என்றாள். சார் அந்தப் படங்களைப் பார்த்துக் கண்கலங்கி, பாஸிங்குக்கென்றே ஒரு படம் என்று மட்டும் சொன்னார். தெருவும் தயாராக இருந்தது, சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு, முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். முன்னொரு வருடம், காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்த ஒருவர் கடற்கரையில் சுண்டல் தின்றது எங்கள் சீனியர்கள் வீடியோவில் வந்து, அவர் மேனேஜர் அதைப் பார்த்து, பெரிய ரகளை ஆனதிலிருந்து வந்த வழக்கம். அதில் பெயர், முகவரி, “இந்த வீடியோவில் நான் செய்யும் பணி” என்று மூன்று கோடு இருக்கும். நான் மூன்றையும் நானே நிரப்பி எடுத்துக்கொண்டு விடியக்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அக்கா அதன் பக்கத்தில் நின்று மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மூன்றாவது கோட்டில் வந்து நின்றாள்.

“பணி, நடப்பது. இத நீயா எழுதுன?”

“ஆமாக்கா.”

“இத மாத்தலாமா?”

“மாத்தலாம். என்னன்னு எழுத?”

அக்கா கிரைண்டரை அணைத்தாள். அதன் சத்தம் நின்ற பிறகுதான் அந்த வீடு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. நாற்காலி என்று ஒன்று அங்கே இல்லை, இருந்தாலும் போட இடம் இல்லை.

“உக்காரட்டுமா மக்கா? நாலு நிமிசந்தான?”

அவளே தொடர்ந்தாள்.

“எத்தன ஊரு போயிட்டேன். ஒரு ஊர்லயும் உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

எங்களுக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கக் குனிந்து பேனாவைத் தேடினேன். ‘நடப்பது’ என்பதை அடித்துவிட்டு ‘உட்காருவது’ என்று எழுதினேன், அக்கா அதற்குக் கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கடிதத்தை நீட்டியதும் இசக்கி குதித்தாள். “ஏளா, நாப்பத்திரண்டு படம் வரஞ்சிருக்கேன். எல்லாத்துலயும் நடக்கா. இப்ப வந்து உக்காருவாங்குற. யாரக் கேட்டு எழுதுன நீ?”

“அக்காவக் கேட்டு.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உட்கார்ந்துவிட்டால் அது பாஸிங் இல்லை, கதாபாத்திரம், கதாபாத்திரம் என்றால் அவள் யார், ஏன் உட்கார்ந்தாள் என்று பார்க்கிறவன் கேட்பான் என்றார். “கேக்கட்டும் சார்,” என்றேன். அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அது. அதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டிருந்தது, மெர்லின் அத்தை துறை வாசலுக்கே வந்துவிட்டாள். பத்தேகாலுக்கு அக்கா முக்கில் திரும்பாமல் உட்கார்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகுமோ, பிறகு திறக்குமோ திறக்காதோ, தன் பிள்ளைக்கு யார் கொண்டுபோவார்கள் என்பது அத்தையின் பயம். அது நியாயமான பயம்தான்.

“அவ நடக்கட்டும்மா. ஒங்க பாட்டுக்காக நிப்பாட்டிராதிய,” என்று அத்தை ரொவினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு நாற்காலி ரொவினா வீட்டு நாற்காலி, அதில் உட்கார்ந்து பாட அவள் தைத்து வைத்திருந்த நீலச் சட்டையை எங்களுக்கு நாலு தடவை போட்டுக் காட்டியிருந்தாள். அத்தையின் கையை விடாமலே சொன்னாள்.

“பாட்டு என்ன சொல்லுதுன்னு நான்தான் எழுதுனேன் அத்தை. அத எழுதிட்டு நான் உக்காந்துக்கிட்டு அக்காவ நடக்கச் சொன்னா அது வேற பாட்டு. எஞ்சேர்ல அக்கா உக்காரட்டும். நான் பின்னால நடக்கேன்.”

இசக்கி அவளையே பார்த்தாள், அப்புறம் நாற்பத்திரண்டு படத்தையும் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். “அப்ப ஒரே ஷாட்டு,” என்றாள். “ஒருதரம்தான் எடுப்பேன். நடுவுல யாராவது தும்முனா கொன்னுருவேன்.”

வெள்ளிக்கிழமை காலை. அன்றைக்கு முப்பத்துநான்கு வீட்டுக்கும் மாவு போயாக வேண்டும், அது நின்றால் அக்கா நாற்காலியில் இருக்கமாட்டாள் என்பதால் வாளியை நான் தூக்கினேன். ஏழு வீட்டில் என் தோள் கழன்றது, இருபதாவது வீட்டில் எனக்கும் முட்டியைத் தடவத் தோன்றியது. பத்து மணிக்கு ஐஸ் கம்பெனி சுவரோரம் தெருவே நின்றது, வெள்ளைச் சுவரின் முன் சிவப்பு நாற்காலி, அதில் கனி அக்கா. அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டதோ என்று பார்க்கிறவள் மாதிரி நுனியில் இருந்தாள், கை வாளியைத் தேடி இரண்டு தடவை கீழே போனது.

பத்து மணி பதின்மூன்றுக்கு இசக்கி கையைக் காட்டினாள், பாட்டு தொடங்கியது. ரொவினா நீலச் சட்டையில் பின்னால் நடந்தபடியே பாடினாள், முகம் பாதி நேரம் சுவர்ப்பக்கம்தான் இருந்தது, தன் பாட்டில் ஒரு பாஸிங்காக அவள் கேமராவைப் பார்க்காமல், அவசரப்படாமல், நிற்காமல் போய்வந்துகொண்டிருந்தாள். முதல் சரணம் முடிந்தது. ஒரு நிமிடம் நாற்பத்தேழு நெருங்க, நான் வாளியோடு முக்கிலிருந்து திரும்ப வேண்டும், எல்லோர் கண்ணும் என் மேலேயும் அக்கா மேலேயுமாக இருந்தது, மெர்லின் அத்தை ஜெபமாலையை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பினேன். எனக்கு எந்த ஊரும் வரவில்லை, பதினோரு எட்டும் எங்கள் தெருவாகவே இருந்தது. நான் பின்னால் கடக்கிற அந்த நொடியில் கனி அக்கா செருப்பிலிருந்து காலை உருவினாள், நகர்ந்து நகர்ந்து நாற்காலியின் முதுகு வரை போய்ச் சாய்ந்தாள், இரண்டு கையையும் மடியில் போட்டாள். மீதி இரண்டு நிமிடமும் அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாத ஒரு முகத்தை அவ்வளவு நேரம் நாங்கள் யாரும் பார்த்ததில்லை, கிரேஸ் டீச்சர் அழுதார், சார், தான் அழவில்லை என்று பிறகு சொன்னார்.

பாட்டு முடிந்ததும் மெர்லின் அத்தைதான் முதலில் செல்போனை எடுத்தாள். நார்வே வீடியோவைத் தேடி, ஒரு நிமிடம் நாற்பத்தேழுக்குத் தள்ளினாள். நாங்கள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். அந்தத் துறைமுகத்தில், பனிக்கு நடுவில், எங்கள் ரொவினா வீட்டுச் சிவப்பு நாற்காலியில், கனி அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாடுகிற பையன்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கோஹிமாவைப் பார்த்தோம், பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் அவளுக்காக இரண்டாகப் பிரிந்து போனது. மெக்சிகோவில் நாற்காலிக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. சியோலில் யாரோ ஒரு கிழவர் அவள் அருகே வந்து நின்று, தானும் ஒரு நாற்காலி கொண்டுவந்திருக்கலாமே என்கிற முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“இருந்த எடத்துலயே இருக்கா. இனிமே டென்சில் வந்து வாங்கிக்கிட வேண்டியதுதான்,” என்றாள் அத்தை. கருவாட்டுப் பையைக் கொண்டுவந்து நாற்காலியின் காலோடு கட்டினாள், மறுநாள் பத்தேகாலுக்கு அது அங்கே இல்லை, அந்த வாரமே டென்சில் போன் பண்ணி உப்பு சரியாக இருக்கிறது என்றான்.

தெரு அதற்கும் பழகிக்கொண்டது. சுவரோரம் நாற்காலி நிரந்தரமாக நின்றது, ரொவினா வீட்டில் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் கனி அக்கா மாவு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உட்கார, முப்பத்துநான்கு வீட்டுக்காரர்களும் கிண்ணத்தையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு தாங்களே நடந்து வந்தார்கள். முதல் வாரம் முனகினார்கள், இரண்டாவது வாரம் மாவு வாங்கப் போனால் நாலு பேரைப் பார்க்கலாம் என்று சீவிச் சிங்காரித்து வந்தார்கள். எண்ணுவதற்கு எட்டு இல்லாமல் போன பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனார்கள். ஊர் பார்த்துச் சொல்கிற கெட்டிக்காரர்களுக்கு மட்டும் வேலை போய்விட்டது, எல்லா ஊர்த் தூசியும் ஒன்றாகக் கலந்து வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் வீடியோவை இரண்டு தடவை போடச் சொன்னார். சார் பயந்ததுபோலவே கேட்டார், யார் இந்தப் பெண், இதில் அவர் செய்வது என்ன? நான் சம்மதக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அடித்துத் திருத்திய மூன்றாவது கோட்டை அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரொவினாவிடம் பாடியது நீயா, முகமே தெரியவில்லையே என்றார். “பின்னால போறது நான்தான் சார்,” என்று ரொவினா சொன்னது, ஏதோ பரிசு வாங்குகிறவள் சொல்வதுபோல் இருந்தது. கடிதத்தில் எழுத்து சுத்தமில்லை என்று அவர் சொன்னார், ஆனால் மார்க்கைக் குறைக்கவில்லை.

அன்று மத்தியானமே செல்போனை எடுத்துக்கொண்டு நாற்காலியிடம் போனேன். தான் உட்கார்ந்திருப்பதை அக்கா அதுவரை பார்த்திருக்கவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோஹிமாவைப் பார்த்துச் சிரித்தாள், மெக்சிகோ நாயை இரண்டாம் முறை ஓட்டச் சொன்னாள். நார்வேயில் வந்து நின்று, பனிக்குள் தன்னைத் தானே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்கா,” என்றாள். “இந்த ஊர்ல மட்டும் நாற்காலிய ஒரு அடி தள்ளிப் போட்டிருக்கலாம். பாரு, அந்தால வெயில் கெடக்கு.”

பார்த்தேன். நாற்காலிக்கு வலதுபுறம் ஒரு அடி தூரத்தில், இரண்டு படகுகளுக்கு நடுவே, பனியின் மேல் ஒரு துண்டு மஞ்சள் வெயில் கிடந்தது.

அக்கா எழுந்தாள். நான் நாற்காலியைத் தூக்கி, எங்கள் ஐஸ் கம்பெனி சுவரோரத்திலேயே, ஒரு அடி வலதுபுறம் தள்ளிப் போட்டேன். அவள் முட்டியை ஒருதரம் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், சாய்ந்தாள். நான் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒரு நிமிடம் நாற்பத்தேழு வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தூர ஊரில் வெயில் அவள் முட்டியில் விழுந்துகொண்டிருந்தது. காட்டலாம் என்று திரும்பினேன், அக்கா தூங்கிவிட்டிருந்தாள்.